ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தணுமா?

முல்லைவாயில்

ஈறு பற்றி இந்தப் பகுதியில் நிறைய கேள்விகள் சிதறிக் கிடக்கின்றன. பதில்களோ ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாதே என்கிறார் ஒருவர், அங்கேதான் தேய்க்கணும் என்கிறார் இன்னொருவர். ‘க்ளீனிங் பண்ணினா பல்லு ஆடிடும், எனாமல் போயிடும்’ என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு. மெடிக்கலில் போய் ஈறு வீக்கம் என்று சொன்னாலே ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். பல் மருத்துவம் படித்தவர்களும் மருந்தாளுநர்களும் இங்கே இருக்கிறீர்கள். அளவு, நாள், கருவி என்று விவரமாக ஒரே இடத்தில் எழுதினால் பலருக்கும் உதவும். சொந்தக் கதைகள் வேண்டாம், விஷயம் மட்டும் போதும்.

பீரியோ_மதுரை

நிறுத்தக் கூடாது. ரத்தம் வருகிற இடம்தான் பல நாளாக பிரஷ் சரியாகப் போகாத இடம்.

ஈறின் ஓரம் பல்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்பது மாதிரி, 1 முதல் 3 மி.மீ. வரை ஒரு சின்னப் பள்ளம் விட்டு நிற்கும். அந்த ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, கரைத்த மாவு போல ஒன்று வரும். அதைச் சாப்பாட்டு மிச்சம் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. பாக்டீரியாக்கள் தாங்களே ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியேறியிருக்கும் படலம் அது. ப்ளாக் என்று சொல்வது இதைத்தான். கொப்பளித்தால் போகாது, உரசினால்தான் போகும்.

இந்தப் படலம் ஈறோரத்திலேயே தங்கினால் உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வெள்ளணுக்களை அனுப்பும். ஈறு சிவந்து, உப்பி, பளபளக்கும். பள்ளத்தின் உட்புறத் தோல் மெலிந்து ஆங்காங்கே புண்ணாகும். அதற்குப் பிறகு மென்மையான பிரஷ் பட்டாலும் ரத்தம் கசியும். பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து அந்தப் பக்கம் தேய்ப்பதை விட்டால் படலம் இன்னும் தடிக்கும், ரத்தம் இன்னும் கூடும்.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் குழுவும் இதை நேராகச் செய்து காட்டினார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

வீட்டில் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கும் இதுதான். முறையாகத் தேய்த்து, பல் இடுக்கையும் சுத்தம் செய்தால் முதல் நாலைந்து நாள் ரத்தம் வரும். ஒரு வாரத்தில் குறையும், இரண்டு வாரத்தில் நிற்கும். அதற்கு மேலும் வந்தால் ஈறுக்குக் கீழே காரை இருக்கிறது, அல்லது ஈறோரப் பள்ளம் ஆழமாகிப் பை விழுந்திருக்கிறது, அல்லது வேறு காரணம் ஏதோ இருக்கிறது. அப்போது பல் மருத்துவர் பார்த்தே ஆகணும்.

காரை என்பது அந்தப் படலத்தில் எச்சிலின் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து கல்லாவது. ஒன்றிரண்டு நாளிலேயே இறுகத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாளில் நன்றாக இறுகிவிடும். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்திலும் மேல் கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கத்திலும் அதிகமாகச் சேருவதற்குக் காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. இறுகிய காரையை எந்த பிரஷ்ஷும் எடுக்காது. எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்தால் காரைக்கு முன்னால் எனாமல்தான் கரையும்.

சாந்தி_ஈரோடு

ஈறு வீக்கமும் பயோரியாவும் ஒன்றுதானா சார்? வீக்கத்தை அப்படியே விட்டால் எல்லாருக்கும் எலும்பு கரைந்து பல் விழுந்துவிடுமா?

பீரியோ_மதுரை

ஒன்று இல்லை மேடம். ஈறு மட்டும் வீங்கியிருப்பது ஈறழற்சி. அது முழுசாகத் திரும்பக்கூடியது. அழற்சி கீழே இறங்கி, பல்லைத் தாடையோடு பிடித்து வைத்திருக்கும் நார்களையும் எலும்பையும் அரித்தால் அது பெரியோடான்டைடிஸ். பயோரியா என்பது அதன் பழைய பெயர். கரைந்த எலும்பு தானாக வளராது, பெரும்பாலும் அங்கேயே நிறுத்தத்தான் முடியும். எலும்பு கரையும்போது வலிக்காது என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். பல் ஆடின பிறகு வருகிறவர்களே அதிகம்.

எல்லாருக்கும் ஒரே வேகத்தில் கரையாது. அதற்கு நல்ல சான்று இருக்கிறது, தேயிலைமேடு எழுதுவார் என்று நினைக்கிறேன்.

தேயிலைமேடு

எழுதுறன். எங்கட பக்கம் ஈறை முரசு எண்டுதான் சொல்லுறது. ‘முரசு கரையுது’ எண்டு சனம் சொல்லுறதில நோயின்ர விளக்கமே இருக்கு.

அதே ஹரால்ட் லோ குழு 1970இல இலங்கையின்ர இரண்டு தேயிலைத் தோட்டங்களில 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதிச்சு, 15 வருசம் திரும்பத் திரும்ப வந்து அளந்தவை. பிரஷ்ஷால பல் தீட்டுற வழக்கம் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. எல்லாற்ற பல்லிலயும் படலமும் காரையும் கறையும் நிறைய. முரசு அழற்சி இல்லாத ஆளே இல்லை எண்ட மாதிரி. முடிவு 1986இல வெளிவந்தது. அழுக்கு ஒரே அளவு, ஆனா போக்கு மூண்டு விதம். 8 சதவீதம் பேருக்கு வேகமாக் கரைஞ்சது. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். 11 சதவீதம் பேருக்கு அழற்சியைத் தாண்டிப் போகவேயில்லை. 35 வயசில வேகக் கூட்டத்துக்குப் பல்லின்ர பிடிமானம் சராசரி 9 மி.மீ. போயிருந்தது. நடுக் கூட்டத்துக்கு 4 மி.மீ. கடைசிக் கூட்டத்துக்கு 1 மி.மீட்டரும் இல்லை.

‘என்ர தாத்தா ஒருநாளும் பிரஷ் பிடிச்சதில்லை, எண்பது வயசில முறுக்குக் கடிச்சவர்’ எண்டு சொல்லுறவை அந்த 11 சதவீதத்தைப் பற்றிக் கதைக்கினம். தான் எந்தக் கூட்டம் எண்டு இருபது வயசில ஒருத்தருக்கும் தெரியாது. குடும்பத்தில இளவயசிலேயே பல் ஆடி விழுந்த ஆக்கள் இருந்தா எட்டு சதவீதத்தை நினைச்சு நடக்கிறது நல்லது.

இன்னொண்டும் சொல்ல வேணும். முரசு நோய் படிக்கிற மாணவர் எந்த நாட்டில இருந்தாலும் இந்த மூண்டு எண்ணையும் படிக்கினம். அந்த ஆய்வின்ர தலைப்பில இருக்கிற சொல் ‘நோயின் இயற்கைப் போக்கு’. வைத்தியம் எட்டாத தோட்டத்து வாழ்க்கையைத்தான் அங்க இயற்கை எண்டு எழுதியிருக்கு. அந்த ஆக்களின்ர வாயில இருந்து வந்த அறிவு, மலையகத் தோட்டங்களுக்கே முதல்ல திரும்பிப் போயிருக்க வேணும்.

கோவை_ஹைஜீனிஸ்ட்

பல் தேய்ப்பது பற்றி விவரமாக எழுதுகிறேன். பாதிப் பிரச்சினை இங்கேதான்.

பிரஷ் ‘சாஃப்ட்’ என்று போட்டிருக்கணும். தலை சின்னதாக, இரண்டு கடைவாய்ப்பல் அகலத்துக்கு மேல் இல்லாமல் இருந்தால் போதும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, ஃப்ளோரைடு 1000 முதல் 1500 பி.பி.எம். உள்ளது. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்கினால் நுரைதான் வரும். நுரை வந்ததும் வாய் சுத்தமாகிவிட்டது என்று தோன்றி அரை நிமிஷத்தில் துப்பிவிடுவார்கள்.

பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். நாரின் பாதி ஈறில், பாதி பல்லில். அந்தப் பள்ளத்துக்குள் நார் நுனி நுழைகிற மாதிரி லேசாக அழுத்தி, இடம் மாறாமல் சின்னச் சின்ன அசைவாக ஒரு பத்துத் தடவை. பிறகு கடிக்கும் பக்கத்தை நோக்கி ஒரு சுழற்று. அடுத்த இரண்டு மூன்று பல்லுக்கு நகருங்கள். வலது மேல் கடைசிப் பல்லில் தொடங்கி வெளிப்புறமாகச் சுற்றி வந்து, உட்புறமாகத் திரும்புங்கள். கீழேயும் அப்படியே. ஒரே வரிசையைத் தினமும் வைத்துக்கொண்டால் எந்தப் பல்லும் விடுபடாது. மொத்தம் இரண்டு நிமிஷம், காலை ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் ராத்திரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறையும், படலம் தடையில்லாமல் வளரும்.

வழக்கமாக விடுபடுகிற இடம் மூன்று. கீழ் முன்பற்களின் உட்புறம்: பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து அதன் முனையால் தேய்க்கணும். மேல் கடைவாயின் கன்னப்புறம்: வாயை ஆவென்று திறந்தால் தாடை எலும்பு முன்னால் வந்து இடத்தை அடைத்துவிடும். பாதி மூடினால் பிரஷ் போகும். மூன்றாவது, கடைசிப் பல்லின் பின்புறம்.

அழுத்தித் தேய்ப்பவர்களுக்கு வேறு கதை. கோரைப்பல்லிலும் அதற்கு அடுத்த சிறு கடைவாய்ப்பற்களிலும் ஈறு இறங்கி, ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதியில் கோடரியால் கொத்தின மாதிரி ஒரு பள்ளம் விழும். வலது கைக்காரருக்கு இது இடது பக்கத்தில்தான் அதிகம். ஒரே மாதத்தில் பிரஷ்ஷின் நார் இரண்டு பக்கமும் விரிந்து படுத்துவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். அப்படி ஆகாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

அடுத்தது பல் இடுக்கு. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். ஒரு பல்லுக்கு ஐந்து முகம். அதில் இரண்டு பக்கத்துப் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும், அங்கே சாதாரண பிரஷ் போகவே போகாது. இடுக்கில் கொஞ்சம் இடம் இருப்பவர்களுக்கு இன்டர்டென்டல் பிரஷ் (மெல்லிய கம்பியில் நார் வைத்த இடுக்கு பிரஷ்), பற்கள் நெருக்கமாக இருப்பவர்களுக்கு ஃப்ளாஸ் என்கிற நூல். நாளைக்கு ஒரு தடவை, ராத்திரி தேய்ப்பதற்கு முன்.

இன்டர்டென்டல் பிரஷ் பல அளவில் வருகிறது. கம்பியின் தடிமன் 0.4 மி.மீட்டரில் தொடங்கி 1.5 வரை போகும். ஒரே வாய்க்கு இரண்டு மூன்று அளவு தேவைப்படுவது சகஜம். நுழையும்போது நார் இரண்டு பல்லையும் தொட்டு லேசாகத் தடுக்கணும், கம்பி பல்லைத் தொடக் கூடாது. சும்மா சறுக்கிக்கொண்டு போனால் அளவு சின்னது, அதற்கு அடுத்ததை எடுங்கள். கம்பி மடிந்தால் அளவு பெரியது. பேஸ்ட் தொடாமல் தண்ணீரில் நனைத்து, முன்பல்லில் நேராக, கடைவாயில் கம்பியை லேசாக வளைத்து உள்ளே விட்டு, இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும். கன்னம் தடுத்தால் வாயைக் கொஞ்சம் மூடுங்கள். திருகித் திணிக்காதீர்கள். முதல் வாரம் நாரில் ரத்தம் ஒட்டித்தான் வரும். பத்து நாள் கழித்து எந்த இடுக்கில் இன்னும் சிவப்பாக வருகிறதோ அதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஃப்ளாஸ் என்றால் 40, 45 செ.மீ. நூல் எடுத்து இரண்டு நடுவிரலிலும் சுற்றிக்கொண்டு, பற்கள் ஒட்டுகிற இடத்தை அறுப்பது மாதிரி முன்னும் பின்னும் அசைத்துத் தாண்டுங்கள். படக்கென்று இறக்கினால் ஈறை வெட்டும். தாண்டியதும் ஒரு பல்லை அணைத்த மாதிரி நூலை வளைத்து, ஈறுக்கு உள்ளே லேசாக இறக்கி, மேலும் கீழும் நாலைந்து தடவை. அதே இடுக்கில் மற்றப் பல்லுக்கும் அப்படியே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நூல் பிசிர் விட்டு அறுந்தால், அங்கே ஃபில்லிங் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது அல்லது காரை இருக்கிறது.

ஊக்கு, தீக்குச்சி, துடைப்பத்தின் ஈர்க்குச்சி இவை மூன்றும் வேண்டாம். இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக நிற்கிற ஈறு முனை ஒரு தடவை கிழிந்து தழைந்துவிட்டால் முழுசாகத் திரும்ப வராது. பிறகு ஒவ்வொரு வேளையும் சாப்பாடு அங்கேயே போய் அடைக்கும்.

வேலங்காடு

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று சும்மா சொல்லி வைக்கவில்லையே? குச்சியை ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

கோவை_ஹைஜீனிஸ்ட்

தாராளமாகப் பேசலாம் அண்ணா. குச்சியின் நுனியை நன்றாக மென்று, நார் பஞ்சு போலப் பிரிந்த பிறகு, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் தேய்த்தால் வெளிப்புறம் நன்றாகவே சுத்தமாகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குச்சி நேராக நிற்கிற பொருள். பல்லின் உட்புறத்துக்கு வளையாது, இடுக்குக்குள் போகாது, ஃப்ளோரைடும் கிடையாது. மெல்லாமல் காய்ந்த குச்சியால் குறுக்கே இழுத்தால் ஈறு கிழியும். குச்சிதான் பழக்கம் என்றால் காலையில் குச்சி, ராத்திரி பிரஷ்ஷும் இடுக்கு பிரஷ்ஷும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல், கரித்தூள், செங்கல் பொடி, பொடி உப்பு இவற்றை மட்டும் ஒதுக்குங்கள். எல்லாமே உரசித் தேய்க்கிற பொருள், பல்லின் கழுத்தை அரித்துவிடும். விரலால் தேய்க்கும்போது இடுக்கு அப்படியே நிற்கும். பல்பொடியில், பேஸ்டில் புகையிலை சேர்ப்பதை இந்தியாவில் 1992இலேயே தடை செய்துவிட்டார்கள். பெயர் இல்லாத பாக்கெட்டில் விற்கும் கறுப்புப் பொடியை நம்பி வாங்காதீர்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, தேய்ப்பதற்கு அது பதிலும் இல்லை. உப்புத் தண்ணீர், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன், வீக்கத்துக்கு இதமாக இருக்கும்.

முல்லைவாயில்

சரி, இப்போது பெரிய கேள்வி. க்ளீனிங் செய்த பிறகு பல் ஆடுகிறது, நடுவில் சந்து விழுந்துவிட்டது, கூசுகிறது என்று சொல்கிறார்களே, எல்லாருமா தப்பாகச் சொல்கிறார்கள்?

பீரியோ_மதுரை

அவர்கள் பார்த்தது உண்மை. சொல்கிற காரணம்தான் மாறிவிட்டது.

பழைய காரை நாலைந்து பற்களை ஒரு பாலம் மாதிரி சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அடியில் எலும்பு பாதி போயிருந்தாலும் பல் கல்லில் பதித்த மாதிரி அசையாமல் நிற்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. காரை அடைத்திருந்த இடமும், வீங்கின ஈறு மறைத்திருந்த இடமும் சந்தாகத் தெரிகிறது. மூடிக் கிடந்த வேர்ப்பகுதி காற்றும் தண்ணீரும் பட்டுக் கூசுகிறது. கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள பேஸ்ட் உதவும், ஆனால் இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் போடணும். அழற்சி வற்றினதும் லேசாக ஆடின பல் ஓரளவு இறுகுவதும் உண்டு. எனாமல் பற்றிய பயம் வேண்டாம். அல்ட்ராசானிக் ஸ்கேலரின் முனை நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காரையை உடைக்கிறது. பல்லை ராவி எடுப்பதில்லை. முனையைச் செங்குத்தாக வைத்துக் குத்தினால்தான் கீறல் விழும். பக்கவாட்டில் வைத்து நகர்த்துவதுதான் முறை.

ஆனால் ‘க்ளீனிங்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலையைச் சொல்கிறோம். ஈறுக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற காரையை எடுப்பது ஒன்று. அரை மணி நேரத்தில் முடியும், ஈறழற்சி மட்டும் இருந்தால் அதுவே போதும். பைக்குள் இறங்கி வேரைச் சுத்தம் செய்வது இன்னொன்று. பை விழுந்த வாய்க்கு மேலோட்டமாக மட்டும் எடுத்துவிட்டால் மேல் ஈறு ஆறி இறுகிக்கொள்ளும், ரத்தம் நின்ற மாதிரி தோன்றும், அடியில் நோய் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதலில் அளக்கணும். முனை மழுங்கின, மி.மீ. கோடு போட்ட மெல்லிய ப்ரோபை 20, 25 கிராம் அழுத்தத்தில் ஈறுப் பள்ளத்துக்குள் இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் ஆழம் பார்ப்போம். 3 வரை ஆரோக்கியம். 4, 5 என்றால் பை. 6ம் அதற்கு மேலும் ஆழமான பை. அளந்ததும் அரை நிமிஷத்துக்குள் ரத்தம் வருகிறதா, சீழ் வருகிறதா, ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, கடைவாயில் வேர் பிரிகிற இடம் திறந்துவிட்டதா, பல் எந்த அளவு ஆடுகிறது என்று குறிப்போம். மேலும் கீழும் அமுங்கினால் மூன்றாம் நிலை ஆட்டம், அதைக் காப்பாற்றுவது கஷ்டம். கூடவே எக்ஸ்ரே. எனாமல் முடிகிற கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 2 மி.மீட்டருக்குள் எலும்பு இருந்தால் சரி.

வேர்ச் சுத்தத்துக்கு லிக்னோகெயின் போட்டு மரக்க வைப்போம். வாயை நாலு பாகமாகப் பிரித்து இரண்டு மூன்று அமர்வில் முடிப்பது வழக்கம். ஈறுக்குக் கீழே இருக்கும் காரை ரத்தம் கலந்து கறுப்பாக, பல்லோடு ஒட்டிய சிப்பி மாதிரி இருக்கும். அல்ட்ராசானிக் மெல்லிய முனையால் உடைத்துவிட்டு, க்யூரெட் என்ற கைக்கருவியால் இழுத்து எடுப்போம். முன்பல்லுக்கு 5/6 எண் கருவி, கடைவாயின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14 என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் வளைவு வேறு. வேரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கணும் என்று ஒரு காலத்தில் வேரின் மேலடுக்கையே இழைத்து எடுத்தார்கள். அது தேவையில்லை. காரையும் படலமும் போனால் போதும்.

செய்து முடித்துக் கிட்டத்தட்ட மூன்று மாதத்தில் மறுபடி ஆறு இடத்திலும் அளக்கணும். அதற்கு முன்னால் அளந்து முடிவு சொல்லக் கூடாது, ஆறிக்கொண்டிருக்கும். பை 4க்குள் வந்து ரத்தமும் இல்லை என்றால் வெற்றி. ரத்தத்தோடு 4, அல்லது 5 நிற்கிற இடத்தில் திரும்பச் சுத்தம். 6ம் அதற்கு மேலும் நிற்கிற இடத்தில் ஈறை விலக்கிக் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யும் ஃப்ளாப் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். எலும்பில் குழி செங்குத்தாக, சுவர் உள்ளதாக இருந்தால் எலும்புத் தூள் வைத்து ஓரளவு நிரப்ப முடியும். எலும்பு மொத்தமாகத் தட்டையாகக் குறைந்திருந்தால் தூள் வைத்துப் பயனில்லை. வீட்டில் இடுக்கு சுத்தம் செய்யத் தொடங்காதவருக்கு ஃப்ளாப் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தையல் பிரித்த சில மாதத்தில் பை பழையபடி விழும்.

மருந்தாளுநர்_திருச்சி

மாத்திரை பற்றி நான் சொல்கிறேன். ஈறு வீக்கம் என்றதும் மெட்ரோனிடசோலோ, ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரையோ வாங்கி மூன்று நாள் போடுவது பரவலாக நடக்கிறது. காரையும் படலமும் அங்கேயே இருக்கும்போது மாத்திரை உள்ளே முழுசாகப் போய்ச் சேராது. நாலு நாள் வீக்கம் வடிந்த மாதிரி இருந்து மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். வேர்ச் சுத்தத்தோடு சேர்த்து அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் ஏழு நாள் கொடுப்பது உண்டு. அது வேகமாக எலும்பு கரைகிற இளவயதுக்காரர்கள் போல ஒரு சிலருக்கு, மருத்துவர் பார்த்து முடிவு செய்வது. மெட்ரோனிடசோலோடு மது கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அது ரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் க்ளீனிங்குக்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள். அந்த விவரத்தைப் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது போதும். செயற்கை இதய வால்வு இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லணும். வேலை தொடங்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன் அமாக்சிசிலின் 2 கிராம் போடச் சொல்வார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து.

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீத மவுத்வாஷ் 10 மி.லி., அரை முதல் ஒரு நிமிஷம், காலை மாலை, இரண்டு வாரம். அதற்கு மேல் மருத்துவர் சொன்னால் மட்டும். பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கிற பொருள் இதன் வேலையைக் கெடுக்கும், அதனால் தேய்த்து அரை மணி கழித்துப் பயன்படுத்துங்கள். பிறகு அரை மணி எதுவும் சாப்பிடாதீர்கள். நாள்கணக்கில் போட்டால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை பிடிக்கும், காபி டீ குடிப்பவருக்கு இன்னும் சீக்கிரம். ருசியும் கொஞ்சம் மாறும். கறையைப் பாலிஷில் எடுத்துவிடலாம்.

ஈறில் தடவுகிற கம் பெயின்ட் ஈறைச் சுருக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கிராம்புத் தைலத்தை அப்படியே ஊற்றுவதும் ஆஸ்பிரினை ஈறில் அடக்கிக்கொள்வதும் ஈறை வெந்து வெளுக்க வைக்கும். ரத்தம் வந்தால் வைட்டமின் சி குறைவு என்று சப்பும் மாத்திரை கேட்பவர்கள் தினமும் வருகிறார்கள். கொய்யா, நெல்லி, எலுமிச்சை சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்கர்வி வருவது அபூர்வம். அழுக்கால் வருகிற ரத்தத்தை மாத்திரை நிறுத்தாது.

சாந்தி_ஈரோடு

சர்க்கரை உள்ளவர்கள் பற்றியும் கர்ப்பிணிகள் பற்றியும் சொல்லுங்களேன். பிரஷர் மாத்திரையால் ஈறு வளரும் என்பது உண்மையா?

பீரியோ_மதுரை

சர்க்கரை: மூன்று மாத சராசரி (HbA1c) 7 சதவீதமோ அதற்கு மேலோ நின்றால் ஈறு நோய் வேகமெடுக்கும். நோய் வகைப்பாட்டிலேயே அது ‘வேகமான’ பிரிவுக்குத் தள்ளுகிற காரணம். எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. ஈறைச் சரி செய்தால் அந்த சராசரி 0.3, 0.4 அளவுக்கு இறங்குகிறது. ஒரே வாயில் அடுத்தடுத்து சீழ்க்கட்டி வந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். க்ளீனிங்குக்கு வெறும் வயிற்றில் வர வேண்டாம், சாப்பிட்டு மாத்திரை போட்டுக் காலையில் வாருங்கள்.

பிரஷர் மாத்திரை: உண்மைதான். அம்லோடிபின், நிஃபெடிபின் சிலருக்கு ஈறை வளர்க்கும். வலிப்புக்கான ஃபெனிடாயின், சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினும் அப்படியே. இரண்டு முன்பல்லுக்கு நடுவிலிருக்கும் ஈறு முனை முதலில் உருண்டு தடிக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் மருத்துவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தால் உங்கள் டாக்டர் வேறு வகை மருந்துக்கு மாற்றுவதைப் பற்றி யோசிப்பார். படலம் இல்லாத வாயில் வளர்ச்சியும் குறைவு.

கர்ப்பம்: ஹார்மோனால் சின்ன அழுக்குக்கும் ஈறு பெரிதாக வீங்கும். சிலருக்குச் சிவப்பாக ஒரு கட்டி வளரும், அது புற்றுநோய் அல்ல. க்ளீனிங் செய்துகொள்ளலாம். 4 முதல் 6 மாதம் வரை உட்காரவும் சாயவும் வசதி. ‘குழந்தை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளுவதுதான் தப்பு.

புகை: நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் ரத்தமே வராமல் எலும்பு கரையும். ஆகவே ரத்தம் இல்லை என்பது புகைப்பவருக்கு நல்ல சேதி இல்லை. விட்ட சில வாரங்களில் ஈறில் ரத்தம் கூடும், அதைப் பார்த்துப் பயந்து திரும்பப் பிடித்துவிடாதீர்கள். புகையிலையை அடக்குபவர்களுக்கு அடக்குகிற இடத்தில் ஈறு தனியாக இறங்கியிருக்கும். அங்கே வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே காட்டணும்.

மருந்தாளுநர்_திருச்சி

அவசரமும் எழுதி வைக்கிறேன். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாகி, காய்ச்சலும் இருந்தால் க்ளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் படாமலே ஈறில் ரத்தம் வழிவது, கூடவே உடம்பில் ஆங்காங்கே நீலத் திட்டு, அசதி என்றால் ரத்தப் பரிசோதனை அன்றைக்கே. ரத்தப் புற்றுநோய் சில சமயம் ஈறில்தான் முதலில் காட்டும். பதின்வயதில் முன்பல்லும் முதல் கடைவாய்ப்பல்லும் மட்டும் ஆடினால் அழுக்கு குறைவாக இருக்கிறதே என்று விடாதீர்கள், அது ஈறு நோயில் தனி வகை, வேகமானது.

முல்லைவாயில்

நன்றி. கடைசியாக ஒன்று. மருத்துவரிடம் போகும்போது என்ன கேட்கணும்? பலருக்கு அதுவே தெரிவதில்லை.

பீரியோ_மதுரை

‘எனக்கு எத்தனை பல்லில் 4க்கு மேல் பை இருக்கிறது?’ என்று கேளுங்கள். அளக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆறு இட அளவுத் தாளை நகல் வாங்கிக்கொள்ளுங்கள், எக்ஸ்ரேயையும். மறுபடி அளக்கிற தேதியை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். எலும்பு கரைந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு க்ளீனிங் என்ற பொதுக் கணக்கு பொருந்தாது. முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, நிலைத்த பிறகு இடைவெளியைக் கூட்டலாம். பணம் தடையாக இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

கோவை_ஹைஜீனிஸ்ட்

அந்தத் தாளின் ஓரத்திலேயே ஒவ்வொரு இடுக்குக்கும் எந்த அளவு பிரஷ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கீழ் முன்பல் 0.4, மேல் கடைவாய் 0.7 என்கிற மாதிரி. கையில் கண்ணாடியைக் கொடுத்து உங்களையே ஒரு தடவை நுழைத்துக் காட்டச் சொல்லணும். வீக்கம் வற்றினதும் இடுக்கு அகலும், அப்போது அளவு ஒரு படி ஏறும். மூன்றாம் மாதம் போகும்போது பழைய பிரஷ்களையும் எடுத்துக்கொண்டு போங்கள்.